வெள்ளைப்புலி சொல்லும் பூனைப் பாடம்

1/ வண்டலூர்ல வெள்ளைப்புலி பாத்திருப்பீங்க. அந்த வெள்ளை எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா, பெர்சியன் பூனைக்குட்டி வாங்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேப்பீங்க. சின்ன த்ரெட்.

2/ 1951, மத்தியப் பிரதேசக் காடு. ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் ஒரு வெள்ளைப்புலிக் குட்டியை உயிரோட பிடிச்சார். பேரு மோகன். வளர்ந்ததும் பேகம்ங்கிற சாதாரண பெண்புலியோட சேர்த்தாங்க. பிறந்த குட்டி ஒண்ணுகூட வெள்ளை இல்ல.

3/ காரணம், வெள்ளை ஒரு ஒடுங்கு பண்பு. அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு மரபணு வந்தாத்தான் வெளியே தெரியும். மோகன் பிள்ளைங்ககிட்ட ஒண்ணு ஒளிஞ்சு இருந்துச்சு. அடுத்து, மகள் ராதாவையே மோகனோட சேர்த்தாங்க. 1958-ல 4 குட்டி. நாலும் வெள்ளை!

4/ அதுல ஒண்ணான மோகினி 1960-ல அமெரிக்கா போச்சு. இன்னைக்கு உலகத்துல கூண்டுல இருக்கிற வெள்ளைப்புலிகள்ல பெரும்பாலானது மோகன் வம்சம்தான்.

5/ ஆனா ஒளிஞ்சு இருக்கிறது நிறம் மட்டும் இல்ல. புலியோ மனுஷனோ, எல்லார்கிட்டயும் சில கோளாறு மரபணுக்கள் ஒத்தையா தூங்கிட்டு இருக்கும். சொந்தத்துக்குள்ள சேர்ந்தா ஜோடி கிடைச்சு முழிச்சுக்கும். ஒரே முன்னோரோட மரபணு ரெண்டு பக்கமும் வர்ற வாய்ப்பு:
அப்பா-மகள் குட்டிக்கு 25%
தாய்மாமன்-அக்கா மகள் குழந்தைக்கு 12.5%
அத்தை மகன்-மாமன் மகள் குழந்தைக்கு 6.25%

6/ பிறவிக் கோளாறோட குழந்தை வந்தா, ஏற்காட்டுலயும் சரி சேலத்துலயும் சரி, டாக்டர் "சொந்தத்துல கல்யாணமா?"ன்னு கேக்குறது இதுக்குத்தான். குத்திக்காட்ட இல்ல.

7/ புலிகளுக்கு அது தலைமுறை தலைமுறையா நடந்துச்சு. குட்டியிலேயே சாவு, அண்ணப்பிளவு, வளைஞ்ச முதுகெலும்பு. மாறுகண் மட்டும் வேற கணக்கு. நிறமி குறையுறதால கண் நரம்பு மூளைக்குப் போற பாதையே மாறிடுது. சயாமீஸ் பூனைக்கும் இதே கதை.

8/ பெர்சியன் பூனைக்கு வர்றது கிட்னி நீர்க்கட்டி நோய். இது ஓங்கு பண்பு. அப்பா அம்மால ஒருத்தர்கிட்ட இருந்தாலே போதும். அழகா இருக்குன்னு ஒரே கடுவனை ஊரெல்லாம் சேர்த்தா நோயும் ஊரெல்லாம் போகும். காரணமான பி.கே.டி.1 மரபணுக் கோளாறை 2004-ல கண்டுபிடிச்சாங்க. மனுஷங்களுக்கு இந்த நோய் வர்றதும் பெரும்பாலும் அதே மரபணுவாலதான்.

9/ அதனால விக்கிறவங்ககிட்ட கேளுங்க: தாயும் கடுவனும் சொந்தமா? கிட்னி ஸ்கேன், டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தாச்சா?
வீட்ல ஒரே ஈத்துக் குட்டிங்க இருந்தா, கால்நடை டாக்டரைப் பாத்து சீக்கிரமே கருத்தடை பண்ணிடுங்க. 5 மாசத்துலயே சினை பிடிச்சிடும். பூனைக்கு அண்ணன் தங்கச்சி தெரியாது. நமக்குத் தெரியும்.