'தொப்'பென்று விழுந்த உலோகம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வைட் ஓக் என்ற இடத்தில் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடம் இருந்தது. 1959-இல் அங்கே வில்லியம் பியூலர், போலாரிஸ் ஏவுகணையின் முனைக்கூம்புக்குச் சூட்டையும் அடியையும் தாங்கும் உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்து வார்த்த தண்டுகளில், ஆறிப்போன ஒன்றைத் தரையில் போட்டார். 'தொப்'பென்று மந்தமாக விழுந்தது. உள்ளே விரிசல் இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். சூடு தணியாத இன்னொன்றைப் போட்டார். அது மணிபோல் கணீரென்றது. அதையே தண்ணீரில் குளிரவைத்துப் போட்டபோது, அதுவும் 'தொப்'!

விரிசல் எதுவுமில்லை. சூட்டில் ஒரு விதமாக அடுக்கியிருந்த அணுக்கள், குளிர்ந்ததும் மார்டென்சைட் என்ற வேறு அடுக்குக்கு மாறி அதிர்வை விழுங்கியிருந்தன. இந்த மாற்றத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1961-இல் ஒரு கூட்டத்தில், மடித்து மடித்து வைத்த இந்த உலோகப் பட்டை கைமாறிக்கொண்டிருந்தது. டேவிட் மஸ்ஸி என்ற அதிகாரி தம் புகைக்குழாய் லைட்டரை அதன் அருகே நீட்டினார். பட்டை தானாக நிமிர்ந்து பழையபடி நீண்டது. தங்க-காட்மியக் கலவையின் விந்தைக் குணத்தை ஸ்வீடனில் ஆர்னே ஒலாண்டர் 1932-லேயே எழுதியிருந்தாலும், பழைய வடிவத்துக்கு மீளும் நினைவு உலோகம் தொழிலுக்கு வந்தது, நிட்டினால் என்று பெயர் பெற்ற இந்த நிக்கல்-டைட்டானியக் கலவையால்தான். போர்விமானக் குழாய் இணைப்பு, பல் சீரமைப்புக் கம்பி, ரத்தக்குழாய் ஸ்டென்ட் என்று அது பரவியது.

செம்பு-அலுமினியம்-நிக்கல் கலவைக்கும் இதே நினைவு உண்டு. ஆனால் சாதாரணக் கட்டியில் ஆயிரக்கணக்கான படிகங்கள் ஒட்டியிருக்கும். உருமாறும்போது ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்க, எல்லைகளில் பிளந்துவிடும்.

எம்.ஐ.டி.யின் கிறிஸ்டோபர் ஷூவும் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஹோசே சான் ஹுவான், மரியா நோ ஆகியோரும் அந்த எல்லைகளையே இல்லாமல் செய்தார்கள். ஒற்றைப் படிகத்தில் அயனிக் கற்றையால் மைக்ரான் அளவுத் தூண்களைச் செதுக்கினார்கள். தலைமுடியின் தடிமனில் அவை நூறில் ஒரு பங்குதான் இருக்கும். வைர முனையால் அழுத்தினால் தூண் குறுகும். முனையை எடுத்தால் பழைய உயரத்துக்கு எழும். அழுத்தியபோது கொடுத்த ஆற்றலில் பெரும்பகுதி திரும்பி வருவதில்லை. 2009-இல் வெளியான அவர்களது கட்டுரை முன்வைத்தது இந்த அபார அதிர்வடக்கத்தைத்தான். பியூலரைத் திகைக்க வைத்த மந்தம், இப்போது தேடிப் பெறும் குணமாகிவிட்டது.

சிறுத்தால் எல்லாமே எளிதாகிவிடும் என்றில்லை. தூண் சுமார் 2 மைக்ரானுக்குக் கீழே போனால், உருமாற்றத்தைத் தொடங்கவே மேலும் மேலும் அதிக அழுத்தம் தேவை என்று 2017-இல் பாஸ்க் குழு அளந்து காட்டியது. நுண்கருவி வடிவமைப்பவர்கள் பெரிய கட்டியில் அளந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

இந்தத் துறையில் பெரிய பாய்ச்சலாகத் தோன்றுவது 2013-இல் ஷூ குழு பீங்கான் வகையான சிர்கோனியாவில் செய்தது. கட்டியாக இருந்தால் 2 சதவீத வடிவ மாற்றத்திலேயே சில சுற்றுகளில் விரிசல் விடும் பொருள் அது. ஒரு சில படிகங்களே கொண்ட நுண்தூணாக்கியபோது, 7 சதவீதம் வரை வளைந்து மீண்டது. 50 சுற்றுகள் வரை தாங்கவும் செய்தது.