உறுதியைப் போலவே கிணற்று நீரும்

கிராமப்புறத்தில் வீடு வளவு வாங்க முற்படுவோர் காணி உறுதியையும் எல்லைகளையும் பலமுறை பரிசீலிக்கின்றனர். கிணற்று நீரையோ ஒரு மிடறு பருகிப் பார்த்து, தெளிவாகவும் உவர்ப்பின்றியும் இருந்தால் திருப்தியடைந்து விடுகின்றனர். இது போதுமானதல்ல என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

யாழ். குடாநாட்டில் நிலத்தடி நீர் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லிலும், கற்பிட்டியில் மணற்படையிலும் தேங்கி நிற்கின்றது. தோட்டங்களுக்கு இடப்படும் பசளையும் மலசலகூடக் குழிகளின் கழிவும் இவற்றினூடாக எளிதில் கிணற்றை அடைகின்றன. அவற்றால் சேரும் நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் அது அகலாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. அதனை மீறிய நீரில் பால்மா கரைத்து ஊட்டினால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறன் குன்றி உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. வவுனியா, அநுராதபுரம் போன்ற வரண்ட பிரதேசங்களில் பற்களைக் கறைப்படுத்தும் புளோரைட்டும் இவ்வாறே கண்ணுக்குப் புலப்படாதது.

எனவே, முற்பணம் கொடுக்கும் முன்னரே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடமொன்றில் நைத்திரேற்று, புளோரைட்டு, உவர்த்தன்மை, கோலிவகை பற்றீரியா ஆகியவற்றைப் பரிசோதிப்பித்தல் அவசியம். கிருமிப் பரிசோதனைக்கான மாதிரியை, கிருமியழிக்கப்பட்ட போத்தலிலேயே எடுத்தல் வேண்டும். கோடையின் இறுதியில் உவர்ப்பும் மாரி மழையின் பின் கழிவுக் கலப்பும் மிகுதியாக வெளிப்படுமாதலால், இயன்றால் இரு பருவங்களிலும் பரிசோதிப்பதே சிறந்தது. அயல் வளவின் மலசலகூடக் குழி எங்குள்ளது என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

உறுதியிலுள்ள பிழையைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். மாசடைந்த நிலத்தடி நீரை அவ்வாறு திருத்திக்கொள்ள இயலாது. காணி உறுதியுடன் நீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டுப் பெறும் வழக்கம் எம்மக்களிடையே வேரூன்ற வேண்டும்.