நீலமலையும் ‘கண்டுபிடிப்பு’ என்னும் வழக்கும்

உதகமண்டலத்தைக் காணவருவார்க்குக் கூறப்பெறும் வரலாறு பெரும்பாலும் 1819ஆம் ஆண்டிலேயே தொடங்குகின்றது. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராய் இருந்த சான் சல்லிவன் அவ்வாண்டில் மலையேறிச் சென்றார். அதுவே நீலமலையின் ‘கண்டுபிடிப்பு’ எனப்படுகின்றது. இவ்வழக்குச் சான்றுகளொடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சாமராசநகர்ப் பகுதியின் 1117ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு, போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டான் என்கின்றது. எனவே, மலையின் பெயரும் அதில் வாழ்வோர் பெயரும் சல்லிவனுக்கு எழுநூறு ஆண்டுகள் முற்பட்டனவாதல் தெளிவு. ஐரோப்பியரை மட்டும் நோக்கினும், பெனிசியோ என்னும் ஏசு சபைப் பாதிரியார் 1603இல் மலையாளக் கரையிலிருந்து சென்று தோடரைக் கண்டு எழுதியுள்ளார்.

அங்ஙனமாயின் 1819க்குப் பின் நிகழ்ந்தது யாது? நிலத்தின் பயன் மாறியது என்பதே விடை. 1822இல் சல்லிவனின் கல்மனை எழத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஓடையை மறித்து ஏரி அமைக்கப்பட்டது. 1848இல் தாவரத் தோட்டம் தோன்றியது. மலைத் தொடர்வண்டி 1899இல் குன்னூரையும், 1908இல் உதகையையும் அடைந்தது. தோடரின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் பலவற்றைத் தைலமரமும் சீகைமரமும் மூடின. 1940இல் முதுமலை விலங்குப் புகலிடமாயிற்று. நீலகிரி 1986இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும், முக்குருத்தி 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பெற்றன. மேய்ச்சல் நிலம் முதலில் ஓய்விடமாயிற்று. பின்னர் அதன் எஞ்சிய பகுதி காப்பிடமாயிற்று.

தமிழாய்வாளர்க்கு இதன்கண் தனித்த அக்கறை உண்டு. தோடமொழி திராவிட இனத்தது. எமனோ என்னும் மொழியறிஞர் 1930களில் திரட்டி 1971இல் வெளியிட்ட தோடர் பாடல்களில் ஊர்களும் குன்றுகளும் நீர்நிலைகளும் பெயர்பெற்று விளங்குகின்றன. நிலத்தொடு பொருந்தப் பாடுதல் நம் திணைமரபினர்க்குப் புதிதன்று. ஆயினும், அப்பாடல்களின் இடப்பெயர்களுள் பல பயணிகளின் வழிகாட்டி நூல்களில் இடம்பெறவில்லை.

எனவே, ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல்லை நீக்கிக் ‘குடியேற்றம்’ என வழங்குதலே சான்றுகளுக்கு இயைந்ததாம். தோடர் வழங்கும் இடப்பெயர்களை, அவற்றை அறிந்த முதியோர் உள்ளபொழுதே, அவர்தம் துணையொடு தொகுத்தல் இன்றைய ஆய்வாளர் கடனாகும். பெயர் அழியின், அந்நிலத்தின் முன்னை வரலாற்றுக்குரிய சான்றும் உடன் அழியும்.