உபரி ராணுவத் துப்பாக்கிகளும் அமெரிக்கச் சட்டமும்

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிவுற்றபின், ஐரோப்பியக் கிடங்குகளில் பழைய ரைஃபிள்கள் பெருமளவில் தேங்கின. அமெரிக்க வணிகர்கள் அவற்றை மொத்தமாக வாங்கி அஞ்சல்வழி விற்றனர். புதிய துப்பாக்கி வாங்க இயலாத எளிய வருவாயினருக்கும் இலக்குச் சுடுதல் என்னும் பொழுதுபோக்கு இவ்வாறே எட்டியது.

இம்மலிவை முதலில் எதிர்த்தோர் உள்நாட்டு உற்பத்தியாளர்களே. மாசசூசெட்ஸ் மாநிலத் துப்பாக்கித் தொழிலைக் காக்கும் பொருட்டு, அம்மாநில மேலவை உறுப்பினர் ஜான் எஃப். கென்னடி 1958இல் உபரி ராணுவத் துப்பாக்கி இறக்குமதியைத் தடுக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அது முழுமையாக நிறைவேறவில்லை. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்டு, இத்தாலியக் கார்கானோ ரைஃபிள் ஒன்றைப் புனைபெயரில் அஞ்சல்வழி வாங்கினார். தொலைநோக்கியுடன் அதன் விலை 19.95 டாலர், அனுப்பும் செலவு 1.50 டாலர். அவ்வாண்டு நவம்பர் 22இல் அதிபர் கென்னடியைக் கொன்றது அத்துப்பாக்கியே என வாரன் ஆணையம் 1964இல் முடிவுசெய்தது.

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநில எல்லை கடந்து தனியாருக்கு அஞ்சல்வழி விற்பதையும் உபரி இறக்குமதியையும் தடைசெய்தது. 1984இல் சேகரிப்புக்குரிய பழைய வகைகளுக்கு மட்டும் இறக்குமதித் தடை தளர்த்தப்பட்டது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் மோசின்-நாகான்ட் ரைஃபிள்கள் பெருமளவில் வந்து, 100 டாலருக்கும் குறைவாக விற்கப்பட்டன. வரத்துக் குறைந்தபோது விலையும் ஏறியது.

ஆகவே, சுடுநரின் மலிவு விலையைப் பெரிதும் நிர்ணயித்தவை அரசுகள் கழித்த ஆயுதமும் அதற்கு வழிவிட்ட சட்டமுமே எனலாம்.