பள்ளிப் படிப்புக்குப் பின் பட்டாளம்: பொன்னமராவதி வட்டாரம்

பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் படையில் சேர்வதைப் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதிப் பக்கம் ‘பட்டாளத்துக்குப் போறது’ என்பார்கள். இந்தியாவில் கட்டாயப் படைச்சேவை இல்லாததால், போகிறவர் எல்லாரும் தாமாக விரும்பியே போகிறார்கள். அந்த விருப்பத்தில் நாட்டுப்பற்று உண்டு, சீருடை மேல் உள்ள ஆசையும் உண்டு. ஆனால், வீட்டுக்கு மாதந்தோறும் தவறாமல் பணம் வரும் என்ற நம்பிக்கையே அதன் அடிவேர்.

இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். 1948 மார்ச் 3 அன்று இந்தியாவுடன் இணையும்வரை புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்தது. பொன்னமராவதியும் அதில் அடக்கம். மன்னர் அழைக்கும்போது ஆயுதத்தோடு வரக்கூடியவர்களுக்கு அங்கே ‘அமரம்’ எனும் மானிய நிலம் தரப்பட்டது. அமைதிக் காலத்தில் உழவு, அழைப்பு வந்தால் போர் என்பது ஏற்பாடு. சேவை ஒருவருடையது, விளைச்சல் குடும்பத்துக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த முறை கலைக்கப்பட்டது.

வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. கண்மாய் நிறைந்தால்தான் வயல். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் முன் கல்லூரி, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா, பட்டாளம் என்ற வழிகளே நிற்கின்றன. கடல் கடந்து போக முகவருக்குப் பணம் வேண்டும். பட்டாளத்துக்குத் தேர்வுக் கட்டணமும் ஓடிப் பழகிய கால்களும் போதும். உறவிலோ தெருவிலோ ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் இருந்தால் ஆசை இன்னும் வலுக்கும். வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு படைவீரர் உருவானது இப்படித்தான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் மாஸ்கோஸ் 1977இல் எழுதிய கட்டுரையில், கடமையாகக் கருதப்பட்ட படைச்சேவை சம்பள வேலையாக மாறிவருகிறது என்றார். நம் ஊர்களில் இவ்விரண்டும் ஒரே வீட்டில் சண்டையின்றிக் குடியிருக்கின்றன. எல்லையில் நிற்கும் மகனைப் பற்றிப் பெருமை பேசும் தாய், அவன் அனுப்பும் பணத்தில் தங்கையின் திருமணத்தையும் நடத்துகிறார். இதில் குறை சொல்ல எதுவுமில்லை.

முன்பு சிப்பாய்க்கு 15 ஆண்டுச் சேவை முடிந்தால் வாழ்நாள் ஓய்வூதியம் கிடைத்தது. குடும்பங்களின் கணக்கு அதன்மேல்தான் நின்றது. கொரோனாவால் ஆள் சேர்ப்பு இரண்டு ஆண்டுகள் நின்றிருந்த நிலையில், 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பின்படி பதினேழரை வயது முதல் 21 வயதுவரை உள்ளவர் நான்கு ஆண்டுக்கு அக்னிவீரராகச் சேரலாம். முதல் ஆண்டுக்கு மட்டும் வரம்பு 23 ஆக்கப்பட்டது. மாத ஊதியம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000 ஆகிறது. இதில் 30 விழுக்காடு சேவா நிதிக்குப் பிடிக்கப்பட, அரசும் அதே அளவு செலுத்துகிறது. முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும்; ஓய்வூதியம் கிடையாது. அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கான தரைப்படை ஆள் சேர்ப்பைத் திருச்சி அலுவலகம் நடத்துகிறது. 2023 முதல் இணையவழி எழுத்துத் தேர்வு முதலிலும், 1.6 கிலோமீட்டர் ஓட்டம் உள்ளிட்ட உடல்தகுதித் தேர்வு அடுத்தும் வருகின்றன. அதனால் ஓட்டத்தை மட்டும் நம்பிய கிராமத்துப் பிள்ளைகள் இன்று கணக்கிலும் பொது அறிவிலும் முதலில் தேற வேண்டியிருக்கிறது.

சேர விரும்புவோரும் பெற்றோரும் ஐந்தாம் ஆண்டில் என்ன செய்வது என்பதை முதல் ஆண்டிலேயே யோசித்து வைக்க வேண்டும். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர் எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஆள் சேர்ப்பில் அவர்களுக்கு எந்த இடமும் இல்லை.