உள்ளே கசியும் சீல்: செபரேட்டர் பராமரிப்புக் குறிப்பு ஒன்றின் மறுவாசிப்பு

எண்ணெய் பாய்ச்சும் ஸ்க்ரூ கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் எண்ணெய் கூடினால், பழி முதலில் விழுவது செபரேட்டர் எலிமென்டின் கண்ணாடி இழைகள் மீதுதான். துறையின் ஆய்வுகளும் அந்த வழியிலேயே வளர்ந்துள்ளன. இழையின் விட்டம், அடுக்கின் தடிமன், வடிகால் அடுக்கின் அமைப்பு ஆகியவற்றுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. எலிமென்டைத் தொட்டியோடு பொருத்தும் சீலுக்குக் கிடைப்பது ஒரு பத்தி. அதுவும் போல்ட்டுகளைக் குறித்த டார்க்கில் முறுக்கும்படியான அறிவுரையோடு முடிந்துவிடும்.

இந்தப் புறக்கணிப்புக்குச் சான்று போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். சீலின் பங்கு அளந்து பார்த்துச் சிறியதெனத் தள்ளப்படவில்லை. அதைக் காட்டவே முடியாத கருவிகளின் சாட்சியத்தை வைத்து அது விடுவிக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சாட்சியம் பராமரிப்புப் பதிவேடுகளில் இருக்கிறது. சொற்கள் மாறினாலும் பொருள் மாறாமல் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் குறிப்பு இது: வெளிக்கசிவு இல்லை, அழுத்த வேறுபாடு சரியாக உள்ளது, எலிமென்ட் மாற்றப்பட்டது, எண்ணெய் நின்றது. முந்தைய ஆய்வு மரபு இந்த நான்கு செய்திகளையும் ஒரே திசையில் படித்து, குற்றம் இழையுடையது என்று முடிக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே படித்தால் அந்த முடிவு நிற்பதில்லை.

முதலில், வெளிக்கசிவு இல்லை என்பது. பழைய வகைத் தொட்டியில் எலிமென்டின் ஃபிளேஞ்ச், தொட்டி ஃபிளேஞ்சுக்கும் மூடிக்கும் நடுவே, மேலும் கீழும் ஒரு கேஸ்கெட்டோடு இறுக்கப்பட்டிருக்கும். கீழ் கேஸ்கெட் விட்டுக்கொடுத்தால், எண்ணெய்ப் புகையோடு வரும் காற்று போல்ட் வட்டத்தின் பக்கம் வெளியேறும். மூடியின் விளிம்பில் கறுத்த ஈரம் தெரியும். சீறும் ஒலியும் கேட்கும். இந்த அமைப்பில் வெளிக்கசிவு இல்லையென்றால் சீல் நன்றாக இருக்கிறது என்று கொள்வது நியாயமே.

அதே அனுமானத்தைப் புதிய அமைப்புகளுக்கும் கொண்டுபோனதுதான் பிழை. எலிமென்டின் வெளிவாய்க் குழாய் ஓ-ரிங் ஒன்றோடு மூடிக்குள் செருகி நிற்கும் வகையிலும், திருகி மாட்டும் ஸ்பின்-ஆன் வகையின் உள் சீலிலும், சீலின் ஒரு பக்கம் எண்ணெய்க் காற்று, மறுபக்கம் சுத்தக் காற்று. இரண்டும் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கின்றன. இங்கே சீல் தோற்றாலும் வெளியே ஒரு சொட்டு வராது. வெளிக்கசிவு இல்லை என்ற வரி இவற்றில் எந்தச் செய்தியையும் தருவதில்லை.

இரண்டாவது, அழுத்த வேறுபாடு. புது எலிமென்டின் குறுக்கே அது ஏறத்தாழ 0.2 பார், 0.8 முதல் 1 பார் வரை ஏறியதும் மாற்றுவது வழக்கம். நிமிடத்துக்கு 10 கனமீட்டர் காற்று தரும் கம்ப்ரசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொட்டியில் 7 பார் அழுத்தம், 80 டிகிரி வெப்பம். முதல்நிலைச் சுழல் பிரிப்பைத் தாண்டி எலிமென்டை அடையும் காற்றில் கனமீட்டருக்கு 3000 மில்லிகிராம் எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொண்டால், மொத்தக் காற்றில் 1000-இல் ஒரு பங்கு சீலைத் தாண்டி நழுவினாலே கனமீட்டருக்கு 3 மில்லிகிராம் எண்ணெய் கூடுதலாக வெளியேறும். நல்ல செபரேட்டரிடம் எதிர்பார்க்கப்படும் மொத்த அளவே 2 முதல் 3 மில்லிகிராம்தான். அந்த அளவு இரட்டிப்பாகிவிடுகிறது.

அவ்வளவு காற்று நழுவ எவ்வளவு இடைவெளி வேண்டும்? 0.2 பார் வேறுபாட்டில், வழக்கமான துளைக் கணக்கின்படி, வெளியேற்றக் குணகம் 0.6 என்று கொண்டால், ஏறத்தாழ 0.6 சதுர மில்லிமீட்டர் போதும். ஓ-ரிங்கில் 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு 0.1 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு தூக்கல் இருந்தால் கணக்கு சரியாகிவிடும். மாட்டும்போது கூர்விளிம்பில் பட்டுச் சீவிப்போன ஓ-ரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அளவு அன்னியமானதல்ல. அகலமான கேஸ்கெட்டில் உராய்வு காரணமாக ஓட்டம் இதைவிடக் குறையும். ஆகவே இந்த எண்ணிக்கை குறுகிய தொடுபரப்புள்ள ஓ-ரிங்குக்கே பொருந்தும் என்ற எச்சரிக்கை தேவை.

இந்த நழுவலால் அழுத்த வேறுபாடு எவ்வளவு மாறும்? இழை வழியே போகும் காற்று 1000-இல் ஒரு பங்கு குறைவதால் வேறுபாடும் ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் குறையும்: 0.0002 பார். 0.1 பாருக்கு ஒரு கோடு போட்ட அளவியில் இது ஒரு கோட்டின் 500-இல் ஒரு பங்கு. அழுத்த வேறுபாடு சரி என்ற வரி இழை அடைபடவில்லை, பெரிதாகக் கிழியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. சீலைப் பற்றி அது மௌனம்.

எண்ணெயே அந்த இடுக்கை நனைத்து அடைத்துவிடும் என்பது பழைய மறுப்பு. அதையும் கணக்கிடலாம். கம்ப்ரசர் எண்ணெயின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன் அளவு. 0.1 மில்லிமீட்டர் இடுக்கில் எண்ணெய்ப் படலம் தாங்கக்கூடியது 0.006 பார் மட்டுமே. 0.2 பாரைத் தாங்க வேண்டுமானால் இடுக்கு 3 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய இடுக்கில் படலம் ஊதித் திறந்துகொள்ளும். நொடிக்கு 40 மீட்டருக்கு மேலான வேகத்தில் பாயும் காற்று, அங்கே தேங்கிய எண்ணெயையும் மறுபடி நுண்துளிகளாக்கிச் சுத்தப் பக்கம் கொண்டுபோகும்.

மூன்றாவதும் நான்காவதுமான செய்திகள்தான் முந்தைய மரபின் வலுவான தூண்: எலிமென்டை மாற்றியதும் எண்ணெய் நின்றது. இங்கே கவனிக்க வேண்டியது பாகங்களின் விற்பனை முறை. கேஸ்கெட் பெரும்பாலும் எலிமென்ட் ஃபிளேஞ்சிலேயே ஒட்டப்பட்டு வருகிறது. ஓ-ரிங் புது எலிமென்டோடு அதே பெட்டியில் வருகிறது. எலிமென்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் சீலும் மாறிவிடுகிறது. இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, குணமானதற்கு ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்ல எந்த ஆய்வு முறையும் இடம் தராது.

எலிமென்ட் முதிர முதிர எண்ணெய் மெல்லக் கூடுவதும் இழையின் தளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் இடுக்கு வழி ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். வேறுபாடு 0.2-இலிருந்து 0.8 பாராக உயர்ந்தால், முதல் நாள் முதல் மாறாமல் இருக்கும் அதே இடுக்கின் வழியே இரண்டு மடங்கு காற்று நழுவும். 3 மில்லிகிராம் 6 ஆகும். அதே வளைகோட்டை இரு கருதுகோள்களும் விளக்குகின்றன. அதை ஒன்றுக்கு மட்டும் உரிமையாக்க முடியாது. எண்ணெயைத் திருப்பி எடுக்கும் ஸ்காவெஞ்ச் லைன் அடைபட்டாலும் எண்ணெய் கூடும் என்பது உண்மை. பார்வைக் கண்ணாடியில் எண்ணெய் ஓடுகிறதா என்று பார்த்தாலே அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

இவ்வளவும் எண்ணெய் பெருகுவதெல்லாம் சீலால்தான் என்று நிறுவிவிடவில்லை. சீலை விடுவித்த தீர்ப்பு செல்லாது என்பதை மட்டுமே நிறுவுகிறது. ஆனால் சீலை மேம்படுத்த வடிவமைப்பாளருக்கு இதுவே போதுமான காரணம். நூற்பாலையில் ஆட்டோகோனர் ஸ்ப்ளைசருக்குப் போகும் காற்றில் எண்ணெய் வந்தால் நூல் இணைப்பில் கறை விழும். அந்தக் கறை இழையைக் கடந்து வந்ததா, சீலைச் சுற்றி வந்ததா என்று நூலைப் பார்த்துச் சொல்ல முடியாது. காற்றின் தூய்மையை வகுக்கும் ஐஎஸ்ஓ 8573-1 தரமும் மொத்த எண்ணெயின் அளவைத்தான் கேட்கிறது. அது வந்த வழியைக் கேட்பதில்லை.

சீல் மேம்பாடு என்றதும் பலரும் சொல்வது ரப்பரை மாற்றுவது. நைட்ரைல் ரப்பர் 80 முதல் 95 டிகிரி எண்ணெயில் தொடர்ந்து இருந்தால் இறுகி, அமுங்கிய வடிவிலேயே தங்கிவிடும். எஸ்டர் வகை எண்ணெயில் உப்பவும் செய்யும். ஃப்ளூரோகார்பன் ரப்பர் இரண்டையும் நன்றாகத் தாங்கும். இது நல்ல மாற்றம்தான், செய்ய வேண்டியதும்கூட. ஆனால் தோல்வியை அது தள்ளிப்போடுகிறதே தவிர, தோற்றதைத் தெரிவிப்பதில்லை.

பக்கத்துத் துறை ஒன்று இதற்கு விடை கண்டிருக்கிறது. பால் பதப்படுத்தும் தட்டு வெப்பமாற்றிகளில் இரு திரவங்கள் சந்திக்கக்கூடிய வாயில்களைச் சுற்றி இரட்டை கேஸ்கெட் உண்டு. நடுவிலுள்ள இடம் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். ஒரு கேஸ்கெட் தோற்றால் திரவம் மற்றதோடு கலக்காமல் தரையில் சொட்டும். திறப்பில்லாத இரட்டைச் சீல் என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 1985 ஜனவரியில் எஸ்டிஎஸ் 51-சி பயணத்தில் பறந்த விண்ணோடத்தின் பூஸ்டர்களை மீட்டுப் பிரித்த பிறகே, முதல் ஓ-ரிங்கைத் தாண்டிய கரி இரு வளையங்களுக்கும் நடுவே படிந்திருப்பது தெரிந்தது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் அழிந்தது அதே வகை இணைப்பின் தோல்வியால்.

செபரேட்டரிலும் வெளிவாய்க் குழாயைச் சுற்றி இரண்டு ஓ-ரிங்குகளை வைத்து, இடையிலுள்ள வெளியை ஒரு சிறு துளை வழியாக வெளிக்காற்றுக்குத் திறக்கலாம். எண்ணெய்ப் பக்க வளையம் தோற்றால் ஓட்டத்தைத் தள்ளுவது 0.2 பார் அல்ல, 7 பார். முன்பு கண்ணுக்குத் தெரியாமல் நழுவிய அதே 0.6 சதுர மில்லிமீட்டர் இடுக்கு, இப்போது ஏறத்தாழ மூன்று மடங்கு காற்றைத் துளைவாயில் எண்ணெய்க் கறையோடு வெளியேற்றும். மூடியில் கூடுதலாக ஒரு பள்ளம் கடைய வேண்டுமே என்ற செலவுக் கணக்கு, கறை விழுந்த நூலின் விலைக்கு முன் பேசத் தக்கதல்ல.

நிலைமின் இணைப்பையும் சீலிடமிருந்து பிரிக்க வேண்டும். இழையில் சேரும் மின்னேற்றம் தொட்டிக்குள் தீப்பொறியாகக் கூடும் என்பதால், நார் கேஸ்கெட்டைத் துளைத்து உலோக ஸ்டேப்பிள் பின் அடிப்பது வழக்கம். அந்த இடத்தில் கேஸ்கெட் சற்றே மேடாகிறது. அடைக்கும் பொருளையே கடத்தவும் சொல்வதை விட்டு, எலிமென்ட் மூடியிலிருந்து தொட்டிக்கு ஒரு தனிப் பின்னல் கம்பி கொடுத்து மல்டிமீட்டரால் சோதிப்பது தெளிவான வழி.

எந்தக் கருதுகோள் சரி என்பதைத் தீர்க்கும் சோதனைக்குப் புதுக் கருவி தேவையில்லை. எண்ணெய் கூடிய இயந்திரத்தில் பழைய எலிமென்டை வெளியே எடுத்து, ஓ-ரிங்கை மட்டும் மாற்றி, அதே எலிமென்டைத் திரும்ப மாட்டி, முன்னும் பின்னும் ஐஎஸ்ஓ 8573-2 முறைப்படி எண்ணெய்த் துளிகளை அளக்க வேண்டும். எடுத்து மாட்டும்போது எலிமென்ட் இடம் மாறுவதும் முடிவைப் பாதிக்கலாம் என்பதால், பழைய ஓ-ரிங்கோடு ஒருமுறை எடுத்து மாட்டி அளந்த பிறகே புது ஓ-ரிங்கைப் போட வேண்டும். அப்போதுதான் பதிவேட்டில் எலிமென்டுக்கும் சீலுக்கும் தனித்தனி வரிகள் கிடைக்கும்.