பேஞ்சோவும் ஒரு கை அசைவின் வரலாறும்

பேஞ்சோ என்று சொன்னால் நம்ம ஊரில் பாதிப் பேர், டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அமுக்கி வாசிக்கும் புல்புல்தாராவைத்தான் நினைப்பார்கள். அது ஜப்பானிய வாத்தியம் ஒன்றின் வழியில் வந்து, இங்கே எப்படியோ 'பேஞ்சோ' என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. அது வேறு கதை. நான் சொல்ல வந்தது அமெரிக்க பேஞ்சோ. ஒரு பெரிய கஞ்சிராவுக்கு நீளமாகக் கழுத்து வைத்து ஐந்து தந்தி கட்டினால் எப்படி இருக்கும்? அதேதான்.

போன வருடம் என் அறை நண்பன் பழைய பேஞ்சோ ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தான். "கிடார் தெரியும்ல, இதையும் வாசிடா" என்றான். நானும் ஜம்பமாக வாங்கினேன். மூன்று வாரம் ஆகியும் ஒரு தாளம்கூட ஒழுங்காக வரவில்லை. காரணம், அவன் என்னை வாசிக்கச் சொன்ன முறை. அதற்கு கிளாஹாமர் என்று பெயர். தச்சர்கள் ஆணி பிடுங்க வைத்திருக்கும் கொண்டி சுத்தியலின் பெயர் அது. வாசிக்கும்போது கையும் ஏறக்குறைய அந்த வடிவத்தில்தான் வளைந்திருக்கும்.

கிடாரில் விரல் தந்தியை உள்ளங்கைப் பக்கமாகச் சுண்டி இழுக்கும். கிளாஹாமரில் இழுக்கவே கூடாது. விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரல் நகத்தின் முதுகால் தந்தியை மேலிருந்து கீழே அடிக்க வேண்டும். விரல் தனியாக அசையாது, மணிக்கட்டோடு மொத்தக் கையும் இறங்கும். இறங்கும்போது கட்டைவிரல் ஐந்தாவது தந்தியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கை எழும்பும்போது அந்தத் தந்தியை விட்டு விலகும், அது தானாக ஒலிக்கும். முதலில் ஒற்றைத் தந்தியில் ஒரு அடி, அடுத்து எல்லாத் தந்தியிலும் ஒரு வருடல், உடனே கட்டைவிரல். தாம்... தக, தாம்... தக. அமெரிக்கர்கள் இதை 'பம்-டிட்டி' என்பார்கள்.

அந்த ஐந்தாவது தந்திதான் இந்த வாத்தியத்தின் விசித்திரம். மற்ற நாலும் கழுத்தின் நுனியிலிருந்து வரும். இது மட்டும் பாதிக் கழுத்தில் தனியாக ஒரு பிரடை வைத்து அங்கிருந்து கிளம்பும். நீளத்தில் குட்டை, ஸ்வரத்தில் எல்லாவற்றுக்கும் மேலே. இடது கை அதை அனேகமாகத் தொடுவதே இல்லை. ஒரே சுருதியை ரீங்காரம் போல விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். வீணையில் தாளத் தந்திகளைச் சுண்டுவிரலால் மீட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை.

எரிச்சலில் ஒரு நாள், "இவ்வளவு ஏடாகூடமான முறையை எவன்டா கண்டுபிடிச்சான்?" என்று கேட்டேன். நண்பனுக்குத் தெரியவில்லை. அப்படித் தேடிப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

ரொம்ப நாளாகச் சொல்லப்பட்டு வந்த பதில், வர்ஜீனியாவின் அப்பொமாட்டக்ஸ் பக்கத்தில் பிறந்த ஜோயல் வாக்கர் ஸ்வீனி என்ற வெள்ளைக்காரர். 1830களிலும் 40களிலும் மேடையில் பேஞ்சோ வாசித்துப் புகழ்பெற்றவர். குட்டைத் தந்தியைச் சேர்த்ததே அவர்தான் என்று ஒரு கதை. இந்தக் கதையை உடைக்க ஒரே ஒரு ஓவியம் போதும். 'பழைய தோட்டம்' என்ற பொருளில் பெயர் வைக்கப்பட்ட அந்த நீர்வண்ண ஓவியம், 1785-க்கும் 1790-க்கும் இடையில் தென் கரோலினாவில் வரையப்பட்டது. ஜான் ரோஸ் என்ற அடிமை உடைமையாளர் வரைந்தது என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். அதில் கறுப்பின அடிமைகள் சிலர் ஆடுகிறார்கள், ஒருவர் உட்கார்ந்து சுரைக்குடுக்கை பேஞ்சோ வாசிக்கிறார். கழுத்தைப் பாருங்கள், நாலு தந்தியில் ஒன்று குட்டை! ஸ்வீனி பிறந்தது சுமார் 1810-ல். பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும் :-)

இதற்கும் முன்னால் போகலாம். 1687-ல் ஜமைக்காவுக்குப் போன மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் (பிரிட்டிஷ் மியூசியமே இவருடைய சேகரிப்பில் இருந்துதான் தொடங்கியது) அங்கே அடிமைகள் சுரைக்குடுக்கையில் கழுத்து பொருத்தித் தந்தி கட்டி வாசித்ததைப் பார்த்தார். 1707-ல் வந்த தன் புத்தகத்தில் படமும் போட்டார். 1770களில் சூரிநாமில் ஜான் கேப்ரியல் ஸ்டெட்மன் என்ற ராணுவ அதிகாரி சேகரித்த 'கிரியோல் பானியா' இன்றும் நெதர்லாந்தில் லெய்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் பேஞ்சோக்களில் மிகப் பழையது அதுதான். அதிலும் மூன்று நீளத் தந்தி, ஒரு குட்டைத் தந்தி. அட, தாமஸ் ஜெபர்சனே 1780களில் எழுதிய வர்ஜீனியா பற்றிய புத்தகத்தின் அடிக்குறிப்பு ஒன்றில், இந்த வாத்தியத்தை அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று எழுதிவிட்டார். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர். ஆக, விஷயம் யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்திருந்ததைப் பிறகு மறந்தார்கள், அல்லது மறக்கடித்தார்கள்.

எப்படி மறந்தது? இங்கேதான் எனக்குக் கசப்பான பகுதி. 1843 பிப்ரவரியில் நியூயார்க்கில் 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்று நாலு வெள்ளைக்காரர்கள் மேடை ஏறினார்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கோமாளிகளாகக் காட்டி ஆடிப் பாடும் நிகழ்ச்சி. பேஞ்சோ வாசித்தவர் பில்லி விட்லாக். நிகழ்ச்சி பயங்கர ஹிட். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு அமெரிக்காவின் முக்கியமான பொழுதுபோக்கே இதுதான். ஸ்வீனியும் இந்த வகைதான், அவர் வாசிக்கக் கற்றதே தன் ஊர்க் கறுப்பர்களிடம்தான் என்கிறார்கள். கற்றுக்கொண்டவர்களையே கேலி செய்து காசு பார்த்தார்கள் என்பதை வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த மின்ஸ்ட்ரல் ஆட்கள்தான் கை அசைவை முதன்முதலில் எழுதியும் வைத்தார்கள். 1855-ல் பாஸ்டனில் வெளியான 'பிரிக்ஸ் பேஞ்சோ இன்ஸ்ட்ரக்டர்' முதல் பேஞ்சோ பாடப் புத்தகமாகக் கருதப்படுகிறது. வலது கைக்கு அதில் உள்ள பாடம், நகத்தால் கீழ்நோக்கி அடி, குட்டைத் தந்திக்குக் கட்டைவிரல். என் நண்பன் என்னிடம் சொன்ன அதே பாடம்! படித்தபோது கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

சரி, இந்த அசைவு ஆப்பிரிக்காவில் இருந்ததற்கு ஆதாரம்? மேற்கு ஆப்பிரிக்காவில் பரம்பரைப் பாணர்கள் வாசிக்கும் இங்கோனி, கலாம் போன்ற தோல் மூடிய வாத்தியங்களை ஆய்வாளர்கள் முன்பே காட்டியிருந்தார்கள். அவற்றின் உடல் குடைந்த மரம், சுரைக்குடுக்கை இல்லை. விட்டுப்போன கண்ணியைக் கொண்டுவந்தவர் காம்பியாவைச் சேர்ந்த டேனியல் லாயமுவாஹுமா ஜாட்டா. 1970களில் அமெரிக்காவில் படித்தபோது பேஞ்சோவைப் பார்த்து, அவருக்குத் தன் அப்பா வாசித்த வாத்தியம் ஞாபகம் வந்தது. அதன் பெயர் அகோன்டிங். செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிப்பது. சுரைக்குடுக்கை, அதன் மேல் தோல், குடுக்கையைத் துளைத்துக்கொண்டு போகும் கம்பு, மூன்று தந்தி, அதில் ஒன்று குட்டை. இது அரசவைப் பாணர்களின் வாத்தியமும் அல்ல, வயலில் நெல் விளைவிக்கும் சாதாரண ஜனங்கள் வேலை முடிந்து உட்கார்ந்து வாசிப்பது. ஜாட்டா ஊருக்குத் திரும்பி ஆண்டுக்கணக்கில் தகவல் சேகரித்தார். 2000-ல் அமெரிக்காவில் பேஞ்சோ சேகரிப்பாளர்களின் கூட்டம் ஒன்றில் அதை வாசித்தும் காட்டினார். கை எப்படி அசைந்தது என்று சொல்ல வேண்டுமா? ஆள்காட்டி விரல் நகம் கீழ்நோக்கி, பின்னாலேயே கட்டைவிரல் குட்டைத் தந்தியில். வாத்தியத்தின் தோற்றத்தை வைத்து ஆயிரம் வாதம் செய்யலாம். இரண்டு கரையிலும் கை ஒரே மாதிரி விழுவதைப் பார்த்தபின் வாதம் செய்வது கொஞ்சம் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். அகோன்டிங்தான் பேஞ்சோவின் அம்மா என்று நேர்க்கோடு போட முடியாது. அகோன்டிங்கின் கம்பு உருண்டை, பிரடை கிடையாது. பேஞ்சோவுக்குத் தட்டையான கழுத்து, பிரடை எல்லாம் உண்டு. பல இனங்களிலிருந்து பிடித்துவரப்பட்டு, ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாமல் கரீபியன் தோட்டங்களில் அடைக்கப்பட்டவர்கள், ஆளுக்குக் கொஞ்சம் நினைவிலிருந்து எடுத்துச் சேர்த்துப் புதிதாகச் செய்த வாத்தியம் அது என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் முடிவு. லாரன்ட் டுபுவா 2016-லும் கிறிஸ்டினா காடி 2022-லும் எழுதிய புத்தகங்கள் இதை விரிவாகப் பேசுகின்றன. எனக்கு இந்த விடைதான் இன்னும் பிடித்திருக்கிறது. கையில் எதுவும் கொண்டுவர முடியாதவர்கள் கையையே கொண்டுவந்திருக்கிறார்கள்.

அப்புறம் எப்படி இது அப்பலாச்சிய மலைவாழ் வெள்ளையர்களின் வாத்தியம் ஆனது? மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சிகள் ஒரு வழி. ரயில் பாதை போடவும் சுரங்கத்திலும் வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் இன்னொரு வழி. மலையிலேயே அடிமைகளாக இருந்தவர்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்து ஆட்கள் கிடார் போல மேல்நோக்கிச் சுண்டும் பாணிக்கு மாறிவிட்டார்கள். 1945 டிசம்பரில் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் பாணி வந்தபின் கேட்கவே வேண்டாம். கீழ்நோக்கி அடிக்கும் பழைய முறை கிராமங்களில் மட்டும் ஒதுங்கியது. வர்ஜீனியாவின் வேட் வார்ட், வட கரோலினாவின் டாமி ஜாரெல் போன்ற கிழவர்களிடம் 1960, 70களில் இளைஞர்கள் தேடிப் போய்க் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் வழியாகத்தான் கிளாஹாமர் உலகம் முழுக்கப் பரவியது, என் விடுதி அறை வரைக்கும்.

அதே காலத்தில் கறுப்பர்கள் பேஞ்சோவை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். கரி பூசிய முகத்தோடு சேர்த்தே பார்க்கப்பட்ட வாத்தியத்தை யார் மடியில் வைத்துக்கொள்வார்கள்? ப்ளூஸுக்குக் கிடார் பொருந்தியது என்பதும் உண்மை. இசைத்தட்டுக் கம்பெனிகள் 1920களில் செய்த வேலை இன்னும் மோசம். கறுப்பர்களுக்கு 'ரேஸ்' தட்டு, மலைவாழ் வெள்ளையர்களுக்கு 'ஹில்பில்லி' தட்டு என்று கடையைப் பிரித்தார்கள். பிடிலும் பேஞ்சோவும் வாசித்த கறுப்பினக் குழுக்கள் இரண்டிலும் அடங்கவில்லை, அதனால் பதிவானது கொஞ்சமே. தட்டு இல்லையென்றால் அப்படி ஒரு இசையே இல்லை என்று அடுத்த தலைமுறை நினைத்துவிட்டது.

இருந்தது. வட கரோலினாவில் மெபேன் பக்கத்தில் ஜோ தாம்சன் பிடில் வாசித்தார், அவருடைய உறவுக்காரர் ஓடெல் தாம்சன் பேஞ்சோ. கீழ்நோக்கி அடிக்கும் அதே பாணி, வீட்டுப் பெரியவர்களிடம் கற்றது. ஓடெல் 1994-ல் இறந்துபோனார். 2005 ஏப்ரலில் பூன் நகரில் கறுப்பின பேஞ்சோ கலைஞர்களுக்கான கூட்டம் நடந்தது. அங்கே சந்தித்துக்கொண்ட ரியானன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் எண்பது தாண்டிய ஜோ தாம்சன் வீட்டுக்குப் போய் அவரோடு உட்கார்ந்து வாசித்துக் கற்றுக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. கிழவர் பிடிலில் மெட்டை ஆரம்பிப்பார், இவர்கள் பின்னால் ஓட வேண்டியதுதான். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற பெயரில் அவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆல்பம் அடுத்த வருடம் கிராமி வாங்கியது. ஜோ தாம்சன் அதையும் பார்த்துவிட்டு, 2012-ல் 93 வயதில் காலமானார்.

2024 பிப்ரவரியில் பியான்சே 'டெக்சஸ் ஹோல்ட் எம்' பாட்டை வெளியிட்டபோது, கறுப்பினப் பெண்ணுக்கு கன்ட்ரி இசையில் என்ன வேலை என்று ஒரு கூட்டம் சண்டைக்கு வந்தது ஞாபகம் இருக்கலாம். அந்தப் பாட்டில் பேஞ்சோ வாசித்தது ரியானன் கிடன்ஸ்.

என் 'தாம்... தக' இப்போது பரவாயில்லை. கட்டைவிரலைக் குட்டைத் தந்தியிலிருந்து எடுத்து உள் தந்திகளில் இறக்கி அடிக்கும் அடுத்த பாடத்தில் ஒரு மாதமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டான். பழகிவிட்டதா, அறை மாற்றிக்கொண்டு போய்விட்டானா, தெரியவில்லை.